ஒரு கல்யாணத்துக்கு வெள்ளையடித்த இரண்டு வீடுகள்

என் கல்யாணத்துக்கு இரண்டு வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். ஒன்று திருச்சி தென்னூரில் இருந்த மாப்பிள்ளை வீடு. இன்னொன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் எனக்காகவே கட்டிய புது வீடு. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஜோடி, குடியிருக்க இரண்டு வீடு. கணக்கு உதைக்கிறதே என்று கல்யாணம் முடியும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமான பெண் பிறந்த தெருவை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்தால் வீடு கட்டவேண்டும், அது அவள் பெயரில் இருக்கும். ஆண்கள் கப்பலேறிச் சம்பாதித்து அனுப்புவதே அதற்காகத்தான். தாய் வீடு தங்கைக்கு என்று ஏற்பாடு, எனவே எனக்கு வாப்பா தனியாக ஒன்று கட்டினார். பினாங்கில் ஒரு கடையின் மாடியில் பாய் விரித்துப் படுத்து, முப்பது வருஷம் சம்பாதித்ததில் பாதி அந்தச் சுவரில்தான் இருந்தது.

திருச்சியில் எல்லாம் தலைகீழ். அங்கே பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஆளை வீட்டோட மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வாப்பாவும் என் மாமனாரும் பினாங்கில் ஒரே கடையில் ஒரே மாடியில் பத்து வருஷம் இருந்தவர்கள். யுத்தம் முடிந்ததும் மாமனார் திரும்பி வந்து திருச்சிப் பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்தார். வாப்பா போவதும் வருவதுமாக இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் சம்பந்தம் செய்துகொள்வது என்று கடிதத்திலேயே முடிவு செய்தார்கள். எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக பஸ் வரும், பிரியாணி ஆக்க எந்தப் பண்டாரி என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டவர்கள், யார் எங்கே குடியிருப்பது என்பதை மட்டும் எழுதவில்லை. அதில் எழுத என்ன இருக்கிறது, உலகம் முழுக்க நம் வழக்கம்தானே என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் நிக்காஹ் நடந்தது. மத்தியானச் சாப்பாடும் ஆனது. திருச்சிக்காரர்கள் பஸ்ஸில் ஏறத் தயாரானபோது, என் மாமியார் எங்கள் வீட்டு அறைக்குள் வந்து என் புடவைகளை ஒரு தகரப்பெட்டியில் மடித்து அடுக்க ஆரம்பித்தார். எவ்வளவு அன்பான மனுஷி, புது வீட்டுக்கு எடுத்துப்போக உதவுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் என் உம்மா ஆள் விட்டு, பஸ்ஸின் மேலே இருந்த மாப்பிள்ளையின் பெட்டியை இறக்கச் சொல்லியிருந்தார். இரண்டு பெட்டிகளும் எங்கள் வாசற்படியில் எதிரும் புதிருமாக வந்து நின்றன. ஒன்று உள்ளே வரவேண்டும், ஒன்று வெளியே போகவேண்டும். தூக்கியவர்கள் இருவரும் வழிவிடச் சொல்லிக் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். அப்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. பெண்ணை ஊரைவிட்டு அனுப்ப அவளென்ன வீடில்லாதவளா என்று உம்மா கேட்டார். பையனைப் பெற்று வளர்த்தது கடலோரத்தில் விட்டுவிட்டுப் போகவா என்று மாமியார் கேட்டார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் காரணமான இரண்டு சிநேகிதர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், இரண்டு பேரும் மறுபடி பினாங்குக்கே போய் ஒன்றாக இருக்கட்டும் என்று திரைக்குப் பின்னாலிருந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன். கல்யாணப் பெண் வாயைத் திறந்ததில் எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

வழி கண்டுபிடித்தவர் என் மாமியார்தான். சண்டை போட்டால் முழு மூச்சாகப் போடுவார், முடித்தால் உடனே முடித்துவிடுவார்.

"நாற்பது நாள் இங்க இருக்கட்டும், நாற்பது நாள் அங்க வந்து இருக்கட்டும். அப்புறம் எங்க இருக்கிறதுன்னு புள்ளைங்களே சொல்லட்டும். நாம யாரும் வாயைத் திறக்கக்கூடாது."

ஜெயிக்கப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நாலு அறை, பர்மாத் தேக்கில் கதவு, முற்றத்தில் கிணறு. என்னை யாரும் அதிலிருந்து போ என்று சொல்ல முடியாது. புருஷனுக்கே கோபம் வந்தால் அவர்தான் வெளியே போய் நிற்கவேண்டும். இதை விட்டுவிட்டு மாமியார் வீட்டு அடுப்படியில் போய் நிற்பதற்கு எனக்கென்ன தலையெழுத்து?

அந்த நாற்பது நாளில் மாப்பிள்ளை கவிழ்ந்துவிட்டார். என்னிடம் கவிழ்ந்தார் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கடலிடம் கவிழ்ந்தார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. காலைத் தொழுகை முடிந்ததும் கரைக்குப் போனால், வெயில் ஏறியபிறகுதான் வருவார். மீன்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சாப்பிடத் தெரியாத நண்டைக் கூடை நிறைய வாங்கிவந்து, அவை முற்றம் முழுக்க ஓட, அவற்றுக்குப் பயந்து கிணற்று மேடையில் ஏறி நின்றார். இரண்டு வாரத்தில் கறுத்துப்போய், மூக்குத் தோல் உரிந்து, எங்கள் ஊர்க்காரர் மாதிரியே ஆகிவிட்டார். இங்கேயே ஒரு குடைக்கடை வைத்தால் என்ன என்று கேட்டார். எங்கள் ஊர்க் காற்றில் குடையை விரித்தால் குடை இலங்கைக்குப் போய்விடும் என்றேன். அப்படியானால் தினமும் புதுக்குடை விற்குமே என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஐப்பசி பிறந்ததும் என் முறை வந்தது. திருச்சியைப் பிடிக்கக்கூடாது என்ற தீர்மானத்தோடு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் குறை சொல்லக் குறைவே இல்லை. தென்னூர் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தது. மீன் என்று அவர்கள் வாங்கியதை எங்கள் ஊரில் பூனைக்கும் போடமாட்டார்கள். காவிரியைக் காட்டுகிறேன் என்று இவர் பெருமையாகக் கூட்டிப்போனார். இரண்டு கரையும் தெரிகிறதே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டேன். பாவம், முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்தத் தண்ணீர் என்னை முதல் நாளே கவிழ்த்துவிட்டது, அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கிணறுகளில் உப்பு. குடிப்பதற்கு மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பவேண்டும். இங்கே குழாயைத் திறந்தால் இனிப்பாகக் கொட்டியது. அந்தத் தண்ணீரில் போட்ட டீயை முதல்முறை குடித்தபோது, நான் அதுவரை குடித்ததெல்லாம் டீயே இல்லை என்று தெரிந்தது. இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன். மாமியார் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைக்கு வேண்டிய குடைத்துணிகளை அவர் வீட்டிலேயே தைத்தார். முக்கோணமாக வெட்டிய எட்டுத் துண்டுகளை மெஷினில் ஒன்றாகத் தைத்து, பிறகு எட்டுக் கம்பிகளிலும் கையால் பிடித்துக் கட்டவேண்டும். ஒரு தையல் ஒரு நூல் அளவு விலகினாலும் குடை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். எனக்குத் தையல் வரும் என்று பெருமையடித்து உட்கார்ந்தேன். நான் தைத்த முதல் குடை விரித்ததும் வாய் கோணியதுபோல் நின்றது. மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை விற்கமுடியாது, ஆனால் வீணாக்கவும்கூடாது என்று சொல்லி மகனிடம் கொடுத்துவிட்டார். திருச்சியின் பெரிய குடைக்கடைக்காரர் மகன் அந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கோணல் குடையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். பத்தாவது குடை நேராக வந்தது. அது விற்றுப்போயிற்று என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தைத்து முடித்த குடைகளைச் சில நாள் நாங்களே கொண்டுபோனோம். இதுதான் என்னை அடியோடு மாற்றியது. எங்கள் ஊரில் பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளின் பின்பக்கம் சந்துகள் உண்டு. அந்தச் சந்து எங்கே போகுமோ அங்கேதான் நாங்கள் போவோம். சின்னம்மா வீடு, பெரியம்மா வீடு, அதோடு ஊர் முடிந்துவிடும். திருச்சியில் மாமியார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னையும் போர்த்திவிட்டு, டவுன் பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் என்று அதட்டுவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிந்தாமணி, பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட் என்று சுற்றுவோம். வெங்காயம் வாங்கப் போய் வளையலோடு வருவோம். மலைக்கோட்டை எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும், அதனால் எனக்கு வழி தப்பியதே இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்குத் தெரியாத ஆட்கள் நடக்கும் தெருவில் நான் நடந்தேன்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் கோயில் கைங்கரியம் செய்கிறவர், என் மாமனாரிடம் பல வருஷமாகக் குடை வாங்குகிறவர். அன்று அவருக்குக் காய்ச்சல் என்பதால் பழுது பார்த்த குடையை நாங்களே எடுத்துப் போயிருந்தோம். அவருடைய மனைவி எங்களை நடையில் பாய் போட்டு உட்காரவைத்து காபி கொடுத்தார். தனி டம்ளர்தான், எனக்குத் தெரியாமலில்லை. என் மாமியாரும் கவனித்தார், கவனிக்காததுபோல் இருந்தார். ஆனால் காபி நன்றாக இருந்தது, பேச்சு அதைவிட நன்றாக இருந்தது. இரண்டு பெட்டிகள் வாசலில் முட்டிக்கொண்ட கதையை மாமியார் நடித்தே காட்டினார். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பெருமாளைப் பாருங்கோ. பாற்கடல்லயும் சயனிச்சுண்டிருக்கார், இங்க காவேரிக்கு நடுவுலயும் சயனிச்சுண்டிருக்கார். எந்த இடம் வேணும்னு அவரே இன்னும் தீர்மானம் பண்ணலை. இந்தக் குழந்தைகளை நாற்பது நாள்ல சொல்லுன்னா என்ன பண்ணும்?"

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. மழை பெய்து ஓய்ந்திருந்தது, ஆறு கலங்கலாக இரண்டு கரையும் முட்டப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நாளில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது. ஒன்பதுதானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சரிதான், நாம் தோற்றுவிட்டோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதை ஒத்துக்கொள்வதில்தான் சங்கடம். நாற்பதாம் நாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து, யோசித்துவிட்டேன், கடலுக்கே போய்விடலாம் என்றார். இல்லை, இங்கேயே இருக்கலாம் என்றேன் நான். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்காகச் சொல்லாதே என்றார். உங்களுக்காக நான் எதையும் சொல்வதில்லை, இந்த எண்பது நாளில் அது தெரியவில்லையா என்றேன். அம்மா உன்னிடம் ஏதாவது பேசினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. உலகத்தில் புருஷனும் பெண்டாட்டியும் அவரவர் தாய் வீட்டுக்காகச் சண்டை போடுவார்கள். நாங்கள் இருவரும் அடுத்தவர் தாய் வீட்டுக்காக அந்த மொட்டைமாடியில் கத்திச் சண்டை போட்டோம். கீழே மாமியார் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

கடைசியில் இவர் ஒரு வார்த்தை சொன்னார். "உங்க வாப்பா முகத்தைப் பார்த்து இதை உன்னால சொல்ல முடியுமா? சொல்லிட்டா நான் நம்புறேன்."

அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு நடுக்கம். முப்பது வருஷம் கடைமாடியில் படுத்தவர் கட்டிய வீடு. மகள் அதில் குடியிருக்கவில்லை என்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்கவில்லையாம், பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம் என்பார்கள். அதைவிட, வாப்பாவே என்ன நினைப்பார்? எனக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்தது, டவுன் பஸ் பிடித்தது, அதனால் உங்கள் ஆயுசு எனக்கு வேண்டாம் என்று சொல்வது போலல்லவா ஆகும்?

ஊருக்குப் போனோம். பஸ்ஸில் வழி நெடுக நான் வாயைத் திறக்கவில்லை, அது இவருக்கே பயமாக இருந்திருக்கும். திருவாரூரில் எனக்குப் பிடித்த முறுக்கை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். அதையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாப்பா புது வீட்டில் இருந்தார். நாங்கள் இல்லாதபோது அடித்த மழையில் பின்சுவர் பாசி பிடித்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை, அவரே அடித்தார். சட்டை முழுக்க வெள்ளைப் புள்ளி. என்னைப் பார்த்ததும் அந்தச் சுவரைத்தான் காட்டினார், இனிமேல் பாசி வராது என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையோடேயே சொல்லிவிட்டேன்.

"வாப்பா, நான் திருச்சியிலேயே இருந்துக்கிறேன்."

அவர் வெள்ளையடித்த மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டார். "அவங்க யாரும் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. அவரு இங்கதான் இருக்கணுங்கறாரு. எனக்குத்தான் அங்க புடிச்சிருக்கு."

வாப்பா கிணற்று மேடையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நான் நினைக்கவில்லை, அவர் திட்டுகிற ஆளே இல்லை. ஆனால் அவர் முகம் வாடும், அதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, எங்கோ யோசித்துக்கொண்டே பேசினார்.

"பதினாலு வயசுல என்னைக் கப்பல்ல ஏத்திவிட்டாங்க. திரும்பி வந்தா நிக்காஹ் முடிச்சு உங்க உம்மா வீட்டுக்கு அனுப்பினாங்க. மறுபடி கப்பல். எங்க இருக்க உனக்குப் புடிக்கும்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல புள்ள. உன்னைக் கேட்டாங்க. நீயும் சொல்லிட்ட. அது நல்லதுதான்."

எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "எங்க உம்மா வீட்டுல இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

அவருடைய உம்மா வீடு மூன்று சந்து தள்ளித்தான் இருந்தது. வழக்கப்படி அது என் மாமிக்கு, அதாவது வாப்பாவின் தங்கைக்குப் போயிருந்தது. பெருநாளன்று வாப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு அங்கே போவார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி எழுந்து வந்துவிடுவார். நான் சின்ன வயதிலிருந்து கூடவே போயிருக்கிறேன். அது அவர் பிறந்த வீடு என்பது எனக்கு ஒருதரம்கூட உறைத்ததில்லை. என் வீடு, என் வீடு என்று பெருமையடித்துக்கொண்டிருந்த எனக்கு, வாப்பாவுக்கென்று ஒரு வீடு எங்கேயும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் கடைமாடி, மிச்சமெல்லாம் மாமியார் வீடு.

அப்படியானால் இங்கே நீங்கள் இருங்கள் என்றேன். அவர் சிரித்து மழுப்பினார். மகள் வீட்டில் தகப்பன் குடியிருப்பதா, ஊர் சிரிக்கும் என்றார். ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை, பூட்டிப்போட்டால் பாசி பிடிக்கும், யாராவது இருக்கத்தான் வேண்டும் என்றேன். பாசி என்றதும் கொஞ்சம் யோசித்தார். சரி, பகலில் மட்டும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, நம்பிவிட்டேன் என்பதுபோல் தலையாட்டினார். கடல் போச்சே என்று முகம் ஒரு பக்கம் தொங்கியும் இருந்தது.

கடல் ஒன்றும் போகவில்லை. தை, மாசியில் மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது, குடை கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். வருஷா வருஷம் அந்த நாட்களில் நாற்பது நாள் ஊருக்குப் போய்விடுவோம். இவர் நண்டு உடைக்கக் கற்றுக்கொண்டார். நான் பெட்டியில் குடைத்துணியைக் கட்டிக்கொண்டு போய், கடற்காற்றில் பறக்கவிட்டுவிட்டுத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

பகலில் மட்டும் என்று சொன்ன வாப்பா, பகல் முழுக்க அங்கேயே இருந்தார். பேப்பர் படித்தார், முற்றத்தில் முருங்கை வைத்தார், பினாங்குச் சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதினார். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் என் உம்மா வீட்டுக்குப் போவார். இந்த வயசில் இவருக்குத் தனிக்குடித்தனம் கேட்கிறது என்று உம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சொல்லிக்கொண்டே டீயும் அனுப்பிவைப்பார்.

முதல் வருஷம் தை மாதம் நாங்கள் போய் இறங்கியபோது, வாப்பா எங்களை எதிர்கொண்டு பஸ்ஸுக்கு வரவில்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோய்த்த வேட்டி, தலையில் தொப்பி, தோளில் துண்டு. பினாங்கில் முதலாளி கடை, இங்கே மாமியார் வீடு, தங்கை வீடு என்று எல்லா வாசலிலும் மற்றவர்கள் கூப்பிட்டபிறகு உள்ளே போன மனுஷர் அவர். எங்களைப் பார்த்ததும் கதவை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்துவைத்தார். "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார். அறுபது வயதில்தான் வாப்பா இதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னார்.